ஒரே கணினியில் ஊராரின் மின்னஞ்சல்கள்: திருகோணமலை மாவட்டச் சனசமூக நிலைய நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்கள், செயலாளர்கள், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருகோணமலை நகரிலும் நிலாவெளி, குச்சவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், வெருகல் என்று மாவட்டத்தின் நாலா பக்கங்களிலும் உள்ள சனசமூக நிலையங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள் பலவற்றில் இன்று ஒரு கணினி இருக்கிறது. அநேகமாக ஒன்றுதான் இருக்கிறது. ஊரிலுள்ள பலருடைய மின்னஞ்சல்கள் அந்த ஒன்றிலேயே திறக்கப்படுகின்றன, வாசிக்கப்படுகின்றன, பதில் அனுப்பப்படுகின்றன. அந்த மின்னஞ்சல்களை நம்பிக்கையோடு உங்கள் பொறுப்பில் விட்டிருக்கும் மக்களின் அந்தரங்கத்தைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் இந்த மாவட்டத்தில் கணினி கற்பித்து வருகிறேன். நிலையங்களில் கணினி பழுதாகிவிட்டால் கூப்பிடுவார்கள்; போய்ப் பார்த்துத் திருத்திக் கொடுப்பதுண்டு. அப்படிப் போகும்போது கண்ணில் பட்டவற்றை உங்களிடம் சொல்லாமல் இருப்பது சரியல்ல என்று நினைக்கிறேன். எந்த நிலையத்தையும் பெயர் சொல்லிக் குறை கூறுவது என் நோக்கமல்ல; இந்த வழக்கம் ஓரிடத்துக்கு மட்டும் உரியதுமல்ல.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் செய்துவருவது பெரிய உதவி. பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு மின்னஞ்சல் முகவரி இல்லாமல் முடியாது. கட்டாரிலோ சவூதியிலோ வேலைக்குப் போக நிற்பவருக்கு ஒப்பந்தப் பத்திரமும் விமானச் சீட்டும் மின்னஞ்சலில்தான் வருகின்றன. வீட்டில் கணினி இல்லாதவரும், கைப்பேசித் திரையில் படிவம் நிரப்பக் கண் பிடிக்காதவரும், ஆங்கிலத்தில் வந்த கடிதத்தின் பொருள் விளங்காதவரும் உங்கள் வாசலுக்கே வருகிறார்கள். சம்பளம் வாங்காமல் மாலை வேளைகளில் இருந்து இதைச் செய்துகொடுக்கும் இளைஞர்களையும் யுவதிகளையும் எனக்குத் தெரியும். அவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் அந்த அஞ்சல்பெட்டிகளுக்குள் என்னவெல்லாம் இருக்கின்றன என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கணவனுக்கு எதிராக முறைப்பாடு செய்த பெண்ணுக்குச் சட்ட உதவி நிலையத்திலிருந்து வந்த பதில் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் அலுவலகங்களுக்கு எழுதிய கடிதங்களும் இணைத்து அனுப்பிய படங்களும் இருக்கின்றன. காணி வழக்கில் சட்டத்தரணி சொன்ன ஆலோசனை, வைத்தியசாலை அனுப்பிய பரிசோதனை அறிக்கை, வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணத்தின் விபரம் எல்லாமே அங்கேதான். நம்முடைய ஊர்கள் சிறியவை. அயலவர் உறவினராக இருப்பார். வழக்கில் எதிர்த்தரப்பாகவும் அவரே இருப்பார். பட்டணத்தில் முன்பின் தெரியாத ஒருவர் நம் கடிதத்தை வாசித்துவிட்டால் வரும் தீங்கைவிட, ஒரே ஒழுங்கையில் குடியிருப்பவர் வாசித்துவிட்டால் வரும் தீங்கு பன்மடங்கு பெரிது.

இப்போது ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்கிறேன். பல நிலையங்களில் திரைக்குப் பக்கத்தில் ஓர் அப்பியாசக் கொப்பி கிடக்கும். நான் கடைசியாகப் பார்த்த கொப்பியின் மட்டை கைபட்டுக் கைபட்டு நிறம் மங்கியிருந்தது. உள்ளே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு மூன்று நிரல்கள்: பெயர், மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல். சில கடவுச்சொற்கள் பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டுமாக இருந்தன. வேறு சில அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எண்கள். ஒரே கடவுச்சொல் பல பெயர்களுக்கு நேரே திரும்பத் திரும்ப வந்தது. கணக்கைத் திறந்து கொடுத்தவர் தமக்கு நினைவில் நிற்கும் ஒன்றையே எல்லோருக்கும் இட்டிருந்தார். அதனால் தன் கடவுச்சொல்லை மட்டும் தெரிந்து வைத்திருக்கும் ஒருவருக்கு, தம்மை அறியாமலே அடுத்தவருடைய பெட்டியின் சாவியும் கையில் இருந்தது. கொப்பி இருந்த மேசையில்தான் நிலையத்துக்கு வந்தவர்கள் பத்திரிகை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இது கெட்ட எண்ணத்தில் உண்டான வழக்கமல்ல. வருபவர்கள் கடவுச்சொல்லை மறந்துவிடுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாக மாற்றிக்கொண்டிருக்க முடிவதில்லை, ஆகவே எழுதிவைக்கிறோம் என்று சொல்வார்கள். அந்தச் சிரமம் உண்மையானது. ஆயினும் முன்பு எழுத்தறியாதவர்களுக்குக் கடிதம் வாசித்துக் கொடுத்த பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். வாசித்து முடித்ததும் கடிதத்தை மடித்து உறையிலிட்டு உரியவர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். ஊராருடைய கடிதங்களையெல்லாம் தம் வீட்டு அலுமாரியில் அடுக்கி வைத்துக்கொண்டவர் எவருமில்லை. கணினி வந்த பிறகு அந்த ஒழுங்கை நாம் கைவிட வேண்டிய அவசியமில்லை.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அதிகாரமின்றி ஒரு கணினியையோ அதிலுள்ள தகவலையோ அணுகுவது குற்றம். ஐந்து ஆண்டுகள் வரையான சிறையோ ஒரு இலட்சம் ரூபா வரையான அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். கணினி வழியாகக் கிடைக்கும் ஒரு சேவைக்குள் நுழைவதற்கான விபரத்தை நம்பிக்கையின் பேரில் பெற்றவர், உரியவரின் அனுமதியின்றி அதைப் பிறருக்கு வெளிப்படுத்துவதையும் அதே சட்டம் குற்றமாக்குகிறது. மேசை மீது திறந்து கிடக்கும் கொப்பியை இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்று 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. உதவி செய்ய வந்த இளைஞர் ஒருவர் நாளை பொலிஸ் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளாகக் கூடாது என்பதும் என் கவலைகளில் ஒன்று.

ஒரு கணினியைப் பலருக்கெனப் பிரிப்பதற்குப் பணம் தேவையில்லை. விண்டோஸிலேயே அதற்கு வழி இருக்கிறது. இப்போது பெரும்பாலான நிலையங்களில் கணினியைப் போட்டதும் எல்லோரும் ஒரே பயனர் கணக்கில்தான் நுழைகிறார்கள்; அந்தக் கணக்குக்கே நிர்வாகி அதிகாரமும், அதாவது கணினியில் எதையும் மாற்றும் அதிகாரமும், இருக்கிறது. அதை மாற்றி, நிர்வாகிக் கணக்கு ஒன்றை மென்பொருள் நிறுவுவதற்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள். நிலையத்தின் கூட்ட அறிக்கை, கணக்கு வழக்குகளுக்கு இரண்டாவது கணக்கு. வந்து போகும் பொதுமக்களுக்கு மூன்றாவது. அடிக்கடி வரும் மாணவர்களுக்கோ, விண்ணப்ப வேலையாகச் சில மாதங்கள் தொடர்ந்து வர இருப்பவர்களுக்கோ அவரவர் பெயரில் தனிக் கணக்கும் திறந்து கொடுக்கலாம். சாதாரணப் பயனர் ஒருவர் மற்றவருடைய கோப்புறைக்குள் நுழைய முயன்றால் விண்டோஸ் தடுத்துவிடும். ஆனால் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை எல்லோரும் அறிந்திருந்தால் இந்தப் பிரிவினால் ஒரு பயனும் இல்லை. வேலை முடிந்ததும் பயனரை மாற்றுவதோடு நிற்காமல் முழுதாக வெளியேறவும் வேண்டும்; இல்லாவிட்டால் முதலாமவர் திறந்து வைத்தவை பின்னணியில் ஓடிக்கொண்டேயிருக்கும், நினைவகம் குறைந்த பழைய இயந்திரங்கள் அதில் திணறிப்போகும்.

ஒரு தடவை வந்து ஒரு மின்னஞ்சல் பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் குரோம் உலாவியில் விருந்தினர் (Guest) சாளரத்தைத் திறந்து கொடுங்கள். அதை மூடியதும் அவர் நுழைந்திருந்த கணக்கு, பார்த்த பக்கங்கள் எல்லாம் அழிந்துவிடும். சிலர் இதற்கு மறைநிலை (Incognito) சாளரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதிலும் தவறில்லை, ஆனால் மறைநிலைச் சாளரங்கள் எத்தனை திறந்திருந்தாலும் அவை ஒரே அமர்வைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதை மறக்கக் கூடாது. ஒன்று கீழே சுருக்கி வைக்கப்பட்டு மறந்துபோயிருந்தால், அடுத்து வருபவர் புதிதாகத் திறக்கும் சாளரத்திலும் முன்னவருடைய அஞ்சல்பெட்டியே திறக்கும். நம் ஊரில் மின்சாரம் திடீரென்று நின்று வருவது புதிதல்ல. சாதாரணச் சாளரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், மீண்டும் திறக்கையில் முன்பிருந்த பக்கங்களை மீட்கவா என்று குரோம் கேட்கும். ஆம் என்றால், வீட்டுக்குப் போய்விட்டவருடைய மின்னஞ்சல் அப்படியே வந்து நிற்கும்.

கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்கும்போது, பொதுக் கணினியில் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியே எழாதபடி அமைப்புகளில் நிறுத்தியும் விடலாம். சேமித்த கடவுச்சொற்களைப் பார்ப்பதற்குக் கணினியின் சொந்தக் கடவுச்சொல் போதும். பொதுக் கணினியில் அதுவோ எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது ஒத்திசைவு (Sync), அதாவது உலாவியில் சேமித்தவற்றை ஒருவருடைய எல்லாச் சாதனங்களுக்கும் கொண்டுசெல்லும் வசதி. ஒருவர் தம் ஜீமெயிலில் நுழையும்போது குரோமின் ஒத்திசைவையும் இயக்கிவிட்டால், முன்பு வேறொருவருக்காக அந்த உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களும் அவருடைய கணக்கோடு கலந்து அவர் கைப்பேசிக்குப் போய்ச் சேரக்கூடும். எடுத்தவருக்கும் தெரியாது, இழந்தவருக்கும் தெரியாது.

ஒரே சாளரத்தில் பலருடைய ஜீமெயில் கணக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வைத்து, மேல் மூலையிலுள்ள படத்தை அழுத்தி மாறி மாறிப் பார்க்கும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். அவசரத்தில் ஒருவருடைய வேலை விண்ணப்பம் இன்னொருவருடைய முகவரியிலிருந்து போய்விடுகிறது. பதில் உரியவருக்கு வந்து சேர்வதேயில்லை. வெளியேறிய பின்னரும் முகவரிகள் நுழைவுப் பக்கத்தில் வரிசையாகத் தெரிந்துகொண்டிருக்கும். அங்கேயே கணக்கை அகற்றும் வசதி இருக்கிறது. அதையும் செய்தால்தான் யார் யார் வந்து போகிறார்கள் என்பது பிறர் கண்ணில் படாது.

இணைய வேகம் குறைந்த சில இடங்களில் தண்டர்பேர்ட் போன்ற, மின்னஞ்சலைக் கணினியிலேயே இறக்கி வாசிக்கும் மென்பொருளில் எல்லோருடைய கணக்குகளையும் இட்டு வைத்திருக்கிறார்கள். இடப்பக்க நிரலில் முகவரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். எதை அழுத்தினாலும் கடவுச்சொல் கேட்காமல் திறக்கும். அஞ்சல்கள் கணினியின் வன்தட்டில் இறங்கிவிடுவதால், உரியவர் பிற்பாடு கடவுச்சொல்லை மாற்றினாலும் அதுவரை இறங்கியவை அங்கேயே கிடக்கும். அஞ்சலை இறக்கும் பழைய பாப் (POP) முறையில் அமைத்திருந்தால், இறக்கிய கடிதங்கள் மின்னஞ்சல் நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து அழிக்கப்பட்டு, அந்த வன்தட்டைத் தவிர வேறெங்கும் இல்லாமலும் போகலாம். தண்டர்பேர்ட் நல்ல மென்பொருள்தான். நிலையத்தின் சொந்த முகவரிக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஊராருடைய அஞ்சலுக்கு வேண்டாம்.

கொப்பிக்கு அடுத்தபடியாக என்னை மிகவும் வருத்துவது மீட்புத் தொலைபேசி இலக்கம். கணக்கு திறக்கும்போது கூகிள் ஒரு கைப்பேசி இலக்கத்தைக் கேட்கும். வந்தவர் போனைக் கொண்டுவந்திருக்க மாட்டார், அல்லது இலக்கம் நினைவிருக்காது. உதவி செய்பவர் தம் இலக்கத்தையே இட்டு வேலையை முடித்துவிடுவார். சில மாதங்களில் அவர் வேலை கிடைத்துக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிறார், சிம் செயலிழக்கிறது. பின்னொரு நாள் கணக்குக்குரியவர் புதிய கைப்பேசியில் நுழைய முயலும்போது, கூகிள் அந்த இலக்கத்துக்கே குறியீட்டை அனுப்புகிறது. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, திறக்க வழியில்லை. கைவிடப்பட்ட இலக்கம் தொலைபேசி நிறுவனத்தால் வேறொருவருக்கு வழங்கப்பட்டால், முன்பின் தெரியாத அந்த நபரின் கையில் கணக்கை மீட்கும் வழி போய்ச் சேர்கிறது. ஆகவே இனி எவருக்குக் கணக்குத் திறந்தாலும் அவருடைய இலக்கமோ, அவரே தெரிவுசெய்த மகளின் அல்லது சகோதரனின் இலக்கமோ மட்டுமே இடப்பட வேண்டும். போன் இல்லாமல் வந்தால் மறுநாள் வரச் சொல்வது குற்றமல்ல. ஏற்கெனவே திறந்த கணக்குகளிலும், உரியவர் அடுத்த முறை வரும்போது இதைத் திருத்திக் கொடுக்க வேண்டும்.

கடவுச்சொல்லை மறப்பவர்களுக்கும் வழி உண்டு. கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரு படி சரிபார்ப்பை இயக்கினால் கூகிள் பத்து மாற்றுக் குறியீடுகளைத் தரும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கங்கள் கொண்டது, ஒரு தடவை மட்டுமே செல்லும். கைப்பேசி தொலைந்தாலும் அவற்றால் நுழையலாம். அவற்றை அச்சிட்டு, கடவுச்சொல்லையும் அதே தாளில் அவர் கையாலேயே எழுதச் செய்து, மடித்து அவரிடமே கொடுங்கள். வங்கிப் புத்தகத்தையும் காணி உறுதியையும் பத்திரப்படுத்தத் தெரிந்த நம் தாய்மாருக்கு இந்தத் தாளையும் பத்திரப்படுத்தத் தெரியும். அவர்களால் முடியாது என்று நாமாக முடிவு செய்வதை நான் ஏற்கமாட்டேன். ஜீமெயிலின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தால், இதுவரை ஒருவரை எதிர்பார்த்து நின்ற பலர் தாமே திறந்து தாமே வெளியேறப் பழகிக்கொள்வார்கள். இதை வகுப்புகளில் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

எழுத வாசிக்க இயலாதவர்களுக்கும் பார்வை குன்றியவர்களுக்கும் இன்னொருவர் துணை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அவர்களுக்காகவே ஜீமெயிலில் பிரதிநிதியை நியமிக்கும் வசதி இருக்கிறது. கணக்குக்குரியவர் தாம் நம்பும் ஒருவருடைய முகவரியைச் சேர்த்துவிட்டால், அவர் தம் சொந்தக் கணக்கிலிருந்தே இவருடைய அஞ்சலை வாசிக்கவும் பதில் எழுதவும் முடியும். கடவுச்சொல் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அதை மாற்றவும் அவரால் முடியாது. வேண்டாம் என்றால் ஒரு நொடியில் நீக்கிவிடலாம். உதவியாளர் யார் என்பதை உரியவரே தீர்மானிக்கிறார் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. கடவுச்சொல்லை வாய்மொழியாகக் கேட்டு வாங்குவதற்குப் பதிலாக இதை வழக்கமாக்குங்கள்.

அஞ்சல்பெட்டியை எவ்வளவு கவனமாக மூடினாலும், இணைப்பாக வந்தவை பதிவிறக்கக் கோப்புறையில் தங்கிவிடுகின்றன. விருந்தினர் சாளரம்கூட அவற்றை அழிப்பதில்லை. ஒரு நிலையத்தில் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்று பார்க்கப் போனபோது அந்தக் கோப்புறையைத் திறக்க நேர்ந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், இரு பக்கமும் எடுத்த அடையாள அட்டைகள், ஒரு கர்ப்பிணியின் ஸ்கேன் அறிக்கை, வங்கிக் கூற்றுகள், ஒரு விவாகரத்து மனு என்று நிரல் கீழே கீழே போய்க்கொண்டேயிருந்தது. கோப்பின் பெயரைப் படித்தாலே யாருடையது என்று ஊரில் எவரும் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொருவரும் எழுந்து போகுமுன் அச்சிட்ட கோப்பை அவர் கண்முன்னேயே ஷிப்ட் விசையோடு சேர்த்து அழிக்க வேண்டும். சாதாரணமாக அழித்தால் குப்பைத் தொட்டியில் இருந்து மீட்டுவிடலாம். ஸ்கேன் செய்தவை சேரும் கோப்புறையையும் இப்படியே பாருங்கள். வாட்ஸ்அப்பைக் கணினியில் இணைத்துப் படம் எடுத்தவர்கள், தம் கைப்பேசியிலிருந்து அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டே போக வேண்டும்.

கணினியைப் பழுது பார்க்க வெளியே கொடுக்கும்போது வன்தட்டும் கூடவே போகிறது என்பதையும், விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். புதிய விண்டோஸைத் தாங்காத பழைய இயந்திரத்தில், விண்டோஸுக்குப் பதிலாக இயங்கும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நிறுவலாம். அதிலுள்ள விருந்தினர் அமர்வு, வெளியேறியதும் எல்லாவற்றையும் துடைத்துவிடுவதால் பொதுப் பாவனைக்கு மிகவும் ஏற்றது.

வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். முதல் நாள் கணினியை ஒழுங்குபடுத்த ஒரு பின்னேரம் தேவைப்படும். அதன்பின் ஒருவருக்கு ஆகும் நேரம், சாளரத்தை மூடி, கோப்பை அழிக்கும் நேரம் மட்டுமே. கடவுச்சொல் எழுதிய பக்கத்தைக் கொப்பியில் தேடுவதற்கு இப்போது செலவாகும் நேரத்தைவிட அது குறைவு.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, ஒரு தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். கொப்பியை உடனே எரித்துவிட வேண்டாம். அதிலிருந்து பெயர் பெயராக ஆட்களை அழைத்து, அவரவர் முன்னிலையில் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்து, கணக்கு வேறு எந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்று பார்த்து வெளியேற்றி, மீட்பு இலக்கத்தைத் திருத்தி, அஞ்சல் வேறொரு முகவரிக்குத் திருப்பப்படுகிறதா என்பதையும் அமைப்புகளில் சரிபார்த்த பிறகு அந்த வரியை வெட்டுங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் திருப்பி அனுப்பும் ஏற்பாடு தானாக நிற்காது என்பதால் கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஊரில் இல்லாதவர்களுக்கும் தகவல் அனுப்புங்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை கூகிள் அழித்துவிடக்கூடும் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். எல்லா வரிகளும் வெட்டப்பட்ட பின் கொப்பியைத் தலைவரும் செயலாளரும் முன்னின்று அழித்து, அதைக் கூட்ட அறிக்கையில் பதியுங்கள். கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரையிட்டுச் செயலாளரின் பொறுப்பில் வையுங்கள். நிர்வாகம் மாறும் ஒவ்வொரு தடவையும் புதிய குழு அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாதர் சங்கங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பெண்கள் தம் அஞ்சலைப் பார்ப்பதற்கென்று, பெண் உதவியாளர் ஒருவர் இருக்கும் நேரத்தை வாரத்தில் ஒரு நாளாவது ஒதுக்குங்கள். கணினியின் திரையை, வாசலில் நிற்பவருக்குத் தெரியாதபடி திருப்பி வையுங்கள்.

கணினியைப் பிரித்து அமைப்பதிலோ, கணக்குகளைத் திருத்துவதிலோ துணை தேவைப்படும் நிலையங்கள் சனி, ஞாயிறு நாட்களில் அழைத்தால் நான் வந்து உடனிருந்து செய்து தருகிறேன். உதவியாளர்களுக்கு ஒரு பின்னேரப் பயிற்சி நடத்தவும் ஆயத்தமாக இருக்கிறேன்; கட்டணம் எதுவும் வேண்டாம். உங்கள் தீர்மானத்தை எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணினி ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.